பரணிலிருந்து இறக்கிய பழைய கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பனின் அப்பா 1990-களில் ஒரு டிடிபி சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அடித்துத் தள்ளிய ஒரு 486 கணினி, கடை மூடியதும் பரணுக்குப் போய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதை இறக்கி ஓட வைத்தேன். அதிலிருந்து "எங்க வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, என்ன செய்யலாம்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன்; இது ஞாயிற்றுக்கிழமை வேலை. கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

எந்தக் காலத்துக் கணினிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பெரும்பாலும் 286, 386, 486, முதல் தலைமுறை பென்டியம் (இவை கணினியின் மூளையான பிராசஸரின் பெயர்கள்). அதாவது 1980-களின் பிற்பகுதியிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை. நம் ஊர்ப் பரண்களில் இவைதான் அதிகம். அசல் ஐபிஎம் பிசி 1981-ல் வந்தது, ஆனால் அது இங்கே காயலான் கடையில்கூடக் கண்ணில் படுவதில்லை. பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ பற்றிக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

முதலில் சுவிட்சைப் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமா?

வேண்டாம்.

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். நானும் செய்தேன், அந்த 486-ல் இல்லை, அதற்கு முன்னால் கிடைத்த ஒரு 386-ல். இரண்டு வினாடி விசிறி சுற்றியது. அப்புறம் "டப்" என்று ஒரு சத்தம், மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம். பெட்டிக்குள் ஒரு குளவிக் கூடு இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். எலி கடித்த கேபிள், எறும்புப் புற்று, பல்லி முட்டை எல்லாம் இப்படித் திறந்த பெட்டிகளில் பார்த்தாயிற்று. பிளாப்பி நுழைக்கும் வாய் இருக்கிறதே, அது குளவிக்கென்றே செய்த வாசல்.

சுவிட்சைப் போடுவது கடைசி வேலை. அதற்கு முன் பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, பேட்டரியைப் பார்த்து, எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) தனியாகக் கழற்றிச் சோதித்து முடிக்க வேண்டும். இருபது வருடம் சும்மா கிடந்தது இன்னும் இரண்டு வாரம் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

திறந்துவிட்டேன். எதை முதலில் பார்ப்பது?

எதையும் கழற்றுவதற்கு முன் போனை எடுத்து எல்லாக் கோணங்களிலும் படம் பிடியுங்கள். எந்த ரிப்பன் கேபிள் எங்கே, அதன் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம், ஜம்பர்கள் (முள்களை இணைக்கும் குட்டித் தொப்பிகள்) எந்த முள்ளில் என்பதெல்லாம் நினைவில் இருக்கும் என்றுதான் தோன்றும். இருக்காது.

அடுத்தது பேட்டரி. மதர்போர்டின் ஓரத்தில், பெரும்பாலும் கீபோர்டு செருகும் வட்டத் துளைக்குப் பக்கத்தில், நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்று இருக்கும். அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி; கணினி அணைந்திருக்கும்போது தேதியையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருக்க அது வேண்டும். பழைய மதர்போர்டுகளைக் கொல்வதில் மின்னலைவிட, எலியைவிட இதுதான் முதலிடம். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மெல்லக் கசிந்து செப்புத் தடங்களைத் தின்றுவிடும்.

கசியவில்லை என்றாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவைத்த பேட்டரி அடுத்த மழைக்காலத்தில் கசிந்த கதை என்னிடம் இரண்டு உண்டு. கட்டரால் காலை நறுக்கினாலே போதும், சால்டரிங் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிளஸ் எந்தப் பக்கம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கசிந்துவிட்டது. போர்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது. போய்விட்டதா?

பார்த்தவுடன் கைவிட வேண்டாம். நண்பனுடைய 486-ம் அப்படித்தான் இருந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மற்ற எல்லாப் போர்டுக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

பேட்டரியைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பச்சையும் நீலமுமாகப் பொடி பூத்திருந்தது. சால்டர் செய்த இடங்களெல்லாம் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம். கீபோர்டு கன்ட்ரோலர் ஐசியின் (கீபோர்டைக் கவனிக்கும் சில்லின்) கால்கள் இரண்டு கறுத்திருந்தன. கசிந்தது காரம் என்பதால் அதை முறிக்க அமிலம் வேண்டும். சமையலறையில் இருந்த வெள்ளை வினிகரை ஒரு பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன். லேசாக நுரைத்தது. நுரை நிற்கும்வரை மூன்று தடவை. எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். ஆனால் அதன் சக்கை ஒட்டிக்கொண்டு எறும்பைக் கூப்பிடும்.

அதன் பிறகு தண்ணீரால் கழுவ வேண்டும். ஆமாம், தண்ணீர்தான். கரண்ட் இல்லாத போர்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வினிகர் மிச்சமிருந்தால் அதுதான் அரிக்கும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி பேட்டரிக்கு ஊற்றுவதற்காக ஆட்டோமொபைல் கடைகளில் விற்பதே போதும். கடைக்காரர் ஆசிட் கேனைக் கொடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வைத்தேன். பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். தின்னர் பிளாஸ்டிக் ஸ்லாட்டை இளக்கிவிடும்.

காய்ந்ததும் மல்டிமீட்டரை "பீப்" சத்தம் வரும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, பாதிக்கப்பட்ட பகுதியில் ஒவ்வொரு தடத்தையும் இந்த முனை, அந்த முனை என்று தொட்டுப் பார்த்தேன். கீபோர்டு சாக்கெட்டிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் ஒரு தடம் பேசவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்பே இல்லை, கறுப்பாக ஒரு கோடுதான். செல்போன் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் முடி போன்ற ஜம்பர் வயரை வாங்கி, அதன் இனாமலைப் பிளேடால் சுரண்டி, இரண்டு முனையிலும் பற்ற வைத்தேன். மொத்தம் மூன்று தடங்கள், நான்கு மாலைகள். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீபோர்டு வேலை செய்கிறது.

வெட்டிய பேட்டரிக்குப் பதில் எதைப் போடுவது? சிஆர்2032 காயின் செல் போடலாமா?

நேராகப் போடக் கூடாது. பழைய பேட்டரி சார்ஜ் ஆகும் வகை. போர்டு அதற்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். லித்தியம் காயின் செல்லுக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் அது வீங்கும், வெடிக்கவும் செய்யும். நடுவில் ஒரு டயோடு போட்டு, மின்சாரம் வெளியே மட்டும் போகும்படி செய்ய வேண்டும். டயோடு கொஞ்சம் வோல்ட்டை விழுங்குவதால் சில போர்டுகளுக்கு அந்த 3 வோல்ட் பற்றாமல் போகும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. பல போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்று நான்கு முள் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒன்றாவது முள் பிளஸ், நான்காவது கிரவுண்டு. மல்டிமீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் மூன்று பென்டார்ச் செல் போடும் ஹோல்டரை மாட்டி, ஹோல்டரைப் பெட்டியின் தகரத்தில் ஒட்டிவிடுகிறேன். நாளைக்கு அதுவும் கசியும், ஆனால் தகரத்தில்தான் கசியும்.

சில போர்டுகளில் பீப்பாய் இருக்காது. அதற்குப் பதில் "டல்லாஸ்" என்று எழுதிய, கடிகாரப் படம் போட்ட தடித்த கறுப்பு ஐசி இருக்கும். பேட்டரி அதற்குள்ளேயே புதைந்திருக்கிறது; பத்தாண்டு கணக்கில் செய்தது, ஆகவே எல்லாமே செத்திருக்கும். இது கசியாது என்பது ஒரு நிம்மதி. டிஎஸ்1287 வகை என்றால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைச் சுரண்டி 16, 20 ஆகிய கால்களின் உள் இணைப்பை வெட்டிவிட்டு வெளியே காயின் செல் கொடுக்கிறார்கள். 20-தான் பிளஸ். நான் ஒன்றே ஒன்று செய்திருக்கிறேன். இரண்டாவது தடவைக்குப் புதிது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸை எப்படிச் சோதிப்பது? பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். இந்தப் பொழுதுபோக்கில் ஆளைக் கொல்லக்கூடிய பாகங்கள் இரண்டு. ஒன்று எஸ்எம்பிஎஸ், இன்னொன்று மானிட்டர்.

அந்தக் காலத்து ஏடி வகைப் பெட்டிகளில் முன்பக்கச் சுவிட்ச் இப்போதையது போல் வெறும் சமிக்ஞைச் சுவிட்ச் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடித்த கேபிள் ஒன்று முன்பக்கம் வரை வந்து, 230 வோல்ட் நேராக அந்தச் சுவிட்சில் நிற்கிறது. பிரவுன், நீலம், கறுப்பு, வெள்ளை என நான்கு வயர்கள். அதன் பிளாஸ்டிக் உறை உலர்ந்து உதிர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். நன்றாக நேரம் கொடுத்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே தொடுங்கள்.

பின்பக்கம் சின்னச் சிவப்புச் சுவிட்சில் 115, 230 என்று இருக்கும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த பெட்டி என்றால் அது 115-ல் இருக்கலாம். அப்படியே நம் ஊர்க் கரண்டில் மாட்டினால் உள்ளே இருக்கும் 200 வோல்ட் கண்டென்சர்கள் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் ஏறும். என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூடியைக் கழற்றினால் கரண்ட் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற கட்டி ஒன்று இருக்கலாம். ரிஃபா கண்டென்சர். காகிதத்தை எப்பாக்சிக்குள் மூடியது. வயதானால் உறையில் மெல்லிய விரிசல் விழுந்து ஈரம் உள்ளே போகும், பிறகு கரண்ட் கொடுத்ததும் புகைந்து தள்ளும். விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அதே அளவில், எக்ஸ்2 என்று முத்திரை உள்ள பிலிம் கண்டென்சர்தான் போட வேண்டும். சாதாரணக் கண்டென்சர் அந்த இடத்துக்கு ஆகாது.

அப்புறம் சோதனை. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்களே, 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டிய பலகை, அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஏடி எஸ்எம்பிஎஸ் பல, சுமை இல்லாமல் கிளம்பாது. 5 வோல்ட் லைனில், அதாவது சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே, கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டிவிடுங்கள். சிவப்பு வயரில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மஞ்சளில் 12 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

இன்னொன்று. மதர்போர்டில் செருகும் பி8, பி9 என்ற எஸ்எம்பிஎஸ் பிளக்குகள் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், மாற்றிச் செருகினாலும் உட்காரும். மாற்றிச் செருகினால் போர்டு காலி. கறுப்பும் கறுப்பும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. நான் ஒவ்வொரு தடவையும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் செருகுகிறேன்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. ஷார்ட்டா?

பெரும்பாலும் இல்லை, உங்கள் பிளக் பாயின்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கண்டென்சர்கள் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கணினியைக் குறை சொல்லாதீர்கள்.

மானிட்டரும் ஓடவில்லை. திறக்கலாமா?

கூடாது. வண்ண மானிட்டரின் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். அணைத்த பிறகும் தங்கும். தெருமுனையில் பழைய டிவி மெக்கானிக் யாராவது இன்னும் இருந்தால் அவரிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது கைப்பழக்கம். இல்லையென்றால் விஜிஏ துளை உள்ள ஏதாவது எல்சிடி மானிட்டரை மாட்டி வேலையைப் பாருங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. "பீப் பீப்" என்கிறது.

பீப் வந்தால் சந்தோஷப்படுங்கள். பிராசஸர் உயிரோடு இருக்கிறது, என்ன குறை என்றுதான் சொல்கிறது. எண்ணுங்கள். பயாஸ் என்பது கணினி எழுந்ததும் முதலில் ஓடும் நிரல். ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் என்றால் மூன்று பீப் நினைவகக் கோளாறு, எட்டு பீப் டிஸ்ப்ளே கார்டு. ஆறு பீப் என்றால் கீபோர்டு கன்ட்ரோலர் பகுதி. பேட்டரி கசிந்த போர்டில் ஆறு கேட்டால் எங்கே பார்ப்பது என்று இப்போது உங்களுக்கே தெரியும். அவார்ட் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தால் டிஸ்ப்ளே.

சத்தமே இல்லை என்றால் போஸ்ட் கார்டு என்று ஒன்று விற்கிறது, மலிவுதான். ஸ்லாட்டில் செருகினால் இரண்டு எழுத்தில் ஒரு குறியீடு காட்டும். பயாஸ் ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஒரு எண்ணை 80 என்ற போர்ட்டுக்கு அனுப்பும். கார்டு அதைத்தான் காட்டுகிறது. கடைசியாக நின்ற எண் எதுவோ, அங்கேதான் சிக்கல். அவார்டில் சி1 என்று நின்றால் ராமைப் பாருங்கள்.

ராம் விஷயத்தில் பலர் தடுமாறுவது எண்ணிக்கையில். 30 முள் ராம் ஒன்றுக்கு 8 பிட்தான். 386டிஎக்ஸுக்கும் 486-க்கும் 32 பிட் வேண்டும் என்பதால் நான்கு நான்காகத்தான் போட வேண்டும், 386எஸ்எக்ஸுக்கு இரண்டிரண்டாக. 72 முள் என்றால் 486-ல் ஒன்றே போதும், பென்டியத்தில் ஜோடி. மூன்றைப் போட்டுவிட்டு போர்டு செத்துவிட்டது என்று எனக்குக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் போர்டு இன்றும் என்னிடம் நன்றாக ஓடுகிறது.

ராமையும் கார்டையும் ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா? எல்லா மெக்கானிக்கும் செய்கிறார்களே.

நானும் செய்திருக்கிறேன், வேலை செய்யும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பரில் இருக்கும் துகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். புதுக் கணினியில் ஒருதடவை செய்வது வேறு. இன்னும் முப்பது வருடம் இருக்க வேண்டிய கார்டுக்கு ஐசோபுரொப்பைலில் நனைத்த துணி போதும். அதற்கும் மசியவில்லை என்றால் ரப்பர், அதுவும் வெள்ளை ரப்பர், லேசாக.

ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது?

ஓடினால், முதல் வேலை நகல் எடுப்பது. விளையாட்டு, விண்டோஸ் எல்லாம் அப்புறம். பழைய டிஸ்க் எத்தனை தடவை சுற்றும் என்பது அதற்கே தெரியாது.

யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் பல நேரம் தெரியாது. அந்த அடாப்டர்கள் டிஸ்க்கிடம் எல்பிஏ முறையில்தான், அதாவது ஒவ்வொரு இடத்தையும் ஒரே வரிசை எண்ணால் அழைத்துத்தான், பேசும். மிகப் பழைய டிஸ்க்குகளுக்கு சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்குதான் புரியும். ஐடிஇ துளை (அந்தக் கால ஹார்டு டிஸ்க் இணைப்பு) உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள்.

செத்த டிஸ்க்குக்கு மாற்றாக, கேமராவில் போடுவார்களே, காம்பாக்ட் பிளாஷ் கார்டு, அது ஐடிஇ மொழியையே பேசும். வெறும் அடாப்டர் பலகை ஒன்று போதும். ஆனால் அந்தக் கால பயாஸ்களுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பது உச்சம். செக்டருக்கு 512 பைட் என்று சேர்த்துப் பெருக்கினால் 52,84,82,304 பைட், சுமார் 528 மெகாபைட். நீங்கள் 32 ஜிபி கார்டு போட்டாலும் அதற்கு மேல் தெரியாது. நான் 512 மெகாபைட் கார்டே தேடி வாங்கினேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு அது கடல்.

பிளாப்பி டிரைவ் சுத்தமாக இருக்கிறது. பிளாப்பியைப் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் பிளாப்பியைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூஞ்சை பிடிக்கும். 3.5 அங்குல பிளாப்பி என்றால் தகர மூடியை நகர்த்தி, பின்னால் இருக்கும் உலோக வட்டத்தை விரலால் சுழற்றிக்கொண்டே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பரப்பில் வெள்ளையாகச் சொறி போலத் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், அடுத்து வரும் நல்ல பிளாப்பிகளையெல்லாம் அது கீறும். உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் வட்டை டிஸ்டில்டு வாட்டரில் மெதுவாகக் கழுவி, காய வைத்து, வேறொரு சுத்தமான உறையில் வைத்துப் படிக்கலாம். பத்தில் ஆறு ஏழு எனக்குப் படித்திருக்கின்றன.

எழுத்துத் தடையைப் போட்டுவிட்டே படியுங்கள். 3.5 அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருந்தால் தடை; 5.25 அங்குலத்தில் நேர்மாறு, பக்க வெட்டை ஒட்டி மூடினால்தான் தடை. இது தெரியாமல் மூடியதைத் திறந்துவிட்டு வருத்தப்பட்டவன் நான்தான்.

பிளாப்பியில் பழைய தமிழ்க் கோப்புகள் இருக்கின்றன. திறந்தால் குப்பையாகத் தெரிகிறது.

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கோப்பு கெடவில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ அதற்கு மேலிருந்த 128 இடங்களிலோ தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி நிரப்பியது. ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ரூ' வைத்திருப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன; இணையத்தில் டிஸ்கி ஓடியது. அதற்கு முந்தைய டிடிபி கோப்பென்றால் எழுத்துரு கையில் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ஆகவே கோப்பை மட்டும் எடுத்துவராதீர்கள், எழுத்துருவையும் எடுங்கள். விண்டோஸ் 3.1 என்றால் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம் என்ற இடத்திலும், விண்டோஸ் 95 என்றால் ஃபாண்ட்ஸ் என்ற இடத்திலும் இருக்கும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை பல பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றித் தரும். பட்டியலில் இல்லாத எழுத்துரு என்றால் நீங்களே எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட வேண்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது: இந்த எழுத்துருக்கள் கண்ணில் படும் வரிசையில் சேமிக்கின்றன. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. 'கொ' மூன்று துண்டு. யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. வரிசையை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றினால் எல்லாக் கொம்பும் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் முயற்சியில் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையே அப்படித்தான் வந்தது; மாப்பிள்ளை பெயரை யாராலும் வாசிக்க முடியவில்லை.

மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு போட்ட கணினியில் எழுதியது என்றால் கதை வேறு. அது இஸ்கி என்ற தரம். ஒலி வரிசையில் சேமிக்கும், மாற்றுவது சுலபம். அந்தக் கார்டே பெட்டிக்குள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். டாஸில் இந்திய மொழிகளைக் காட்டியது அந்தக் கார்டில் இருந்த சில்லுகள்தான்.

எமுலேட்டர் (பழைய கணினி போல நடிக்கும் நிரல்) இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

விளையாட மட்டும் என்றால் எமுலேட்டரே போதும். டேஞ்சரஸ் டேவ் ஆடுவதற்காக யாரும் ஆசிட்டும் காரமுமாக அலைய வேண்டாம். எனக்குக் காரணம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். நண்பனின் அப்பா எல்லாவற்றையும் பேஜ்மேக்கர் 5-ல் செய்திருந்தார். அதற்குப் பின் வந்த இன்டிசைனின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத்தான் திறக்கும். அதே கணினி, அதே எழுத்துரு, அதே மென்பொருள், எல்லாம் நிறுவியபடியே இருக்கும்போது அதை ஓட வைப்பதுதான் குறுக்கு வழி. ஒப்புக்கொள்கிறேன், அந்த டர்போ பட்டனை அமுக்கும் சுகமும் ஒரு காரணம். டர்போ என்று பெயர், பல பெட்டிகளில் அதன் உண்மையான வேலை வேகத்தைக் குறைப்பது. பழைய நிரல்கள் பிராசஸர் வேகத்தை நம்பி எழுதப்பட்டிருந்ததால் வேகமான கணினியில் தாறுமாறாக ஓடின, அவற்றுக்காக வைத்தது.

பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. வெள்ளையாக்க முடியுமா?

முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைப்பார்கள். வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம். ஆனால் திட்டுத் திட்டாக வெளுக்கலாம், சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். நான் செய்வதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி விட்டுவிடுவேன்.

எங்கள் பள்ளியில் பிபிசி மைக்ரோ என்று ஒன்று கிடக்கிறது. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

அதிர்ஷ்டசாலி நீங்கள். 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த வகை அது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசஸர், பி மாடலில் 32 கிலோபைட் நினைவகம். பேட்டரி கிடையாது, அந்தத் தலைவலி இல்லை. அதன் எஸ்எம்பிஎஸ்ஸில் மேலே சொன்ன ரிஃபா இருக்கும், ஆகவே சுவிட்ச் போடும் முன் அதை மாற்றுங்கள். போட்டதும் இரட்டை ஒலி எழுப்பினால் ஆரோக்கியம். ஒரே சுருதியில் நிற்காமல் ஊளையிட்டால் பிராசஸர் ஓடவில்லை என்று பொருள். ஒலிச் சில்லை அடக்க ஆள் இல்லாமல் அது தன்பாட்டுக்குக் கத்துகிறது. பெரும்பாலும் சாக்கெட்டில் உள்ள சில்லுகளைக் கழற்றி மாட்டினாலே சரியாகும்.

கருவிகளும் பாகங்களும் எங்கே கிடைக்கும்?

மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், எலக்ட்ரானிக்ஸுக்கான பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பசை), ஈயம் உறிஞ்சும் பம்ப். இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. ரேடியேட்டருக்குப் பூசும் அமிலப் பேஸ்ட்டைக் கண்டிப்பாகத் தொடாதீர்கள், பேட்டரி விட்டுவைத்ததை அது தின்னும்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட். கண்டென்சர், டயோடு, சாக்கெட் எல்லாம் அங்கே. கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, சிங்கப்பூரில் சிம் லிம் டவர், கோலாலம்பூரில் ஜாலான் பசார். பழைய போர்டுகளுக்குக் காயலான் கடைதான். ஆனால் போட்டி இருக்கிறது: பழைய செராமிக் பிராசஸர்களில் தங்கம் இருப்பதால் பிரித்தெடுப்பவர்கள் கிலோ கணக்கில் வாங்கிப் போய்விடுகிறார்கள். கடைக்காரரிடம் "பச்சை அட்டை வந்தால் உடைக்காமல் வைங்கண்ணே, கூடக் கொடுக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். 486 போர்டு வாங்கும்போது கேஷ் (பிராசஸருக்கான வேக நினைவகம்) சில்லுகளையும் கவனியுங்கள். 1990-களின் நடுவில் உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கட்டிகளைக் கேஷ் என்று ஒட்டி விற்ற போர்டுகள் உண்டு.

அந்த டிடிபி சென்டர் கணினி இப்போது எங்கே?

நண்பன் வீட்டு ஹாலில், அவன் அப்பா உட்கார்ந்த அதே மேசையில் இருக்கிறது. கழற்றிய ஹார்டு டிஸ்க், வெட்டிய பேட்டரியின் இரண்டு கால், பழைய ரிஃபா எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் தேதி எழுதி உள்ளேயே ஒட்டியிருக்கிறேன். அடுத்து திறப்பவருக்கு உதவும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட விடுகிறான். ஆயுத பூஜைக்கு நான் போவேன். பெட்டியைத் துடைத்துச் சந்தனம் வைப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து மூன்று பென்டார்ச் செல்லையும் மாற்றிவிடுவேன்.